உயர் குருதி அமுக்கம்: சீனாவிடமிருந்து நாம் எதைக் கற்பது?

உயர் குருதி அமுக்கம் ஓசையின்றி உடலைச் சிதைக்கும் நோயாகும். பாரிசவாதமோ மாரடைப்போ ஏற்பட்ட பின்னரே தமக்கு இந்நோய் இருந்ததைப் பலர் அறிந்துகொள்கின்றனர். அறிகுறி எதுவுமில்லாத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டுமா என்ற சலிப்பு ஏற்படுவது இயல்பே. அவ்வேளையிலேயே சீன மூலிகைகளும் அக்குபங்சர் ஊசிகளும் மாற்று வழியாகக் கண்ணிற்படுகின்றன.

நானுஓயா போன்ற பெருந்தோட்டப் பகுதிகளில் இச்சலிப்புக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. கிளினிக்கிற்காக நுவரெலியா வைத்தியசாலைக்குச் சென்றால், கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்கு அன்றைய ‘பேர்’ இல்லாமற் போகின்றது. அரசாங்க வைத்தியசாலையில் மாத்திரை இலவசம். அதைப் பெற்றுவரும் நாள் இலவசமன்று.

சீன வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. களுபோவிலை வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய 1970களிலேயே அக்குபங்சர் சிகிச்சையைப் பரவலாக அறிமுகப்படுத்தியிருந்தார். எனினும் குருதி அமுக்கத்தைப் பொறுத்தவரை ஆய்வுகளின் முடிவுகள் உற்சாகமளிப்பனவாக இல்லை. அமெரிக்காவில் 192 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், உண்மையான ஊசிச் சிகிச்சைக்கும் போலி ஊசிச் சிகிச்சைக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. 2007இல் வெளியான ஜேர்மனிய ஆய்வில் அமுக்கம் குறைந்தது. ஆயின் சிகிச்சை நின்றதும் அப்பயன் மறைந்துபோயிற்று.

மூலிகைகள் எல்லாம் தீங்கற்றவை என்ற எண்ணமும் தவறாகும். சீன மருந்துகளிலும் நமது கஷாயங்களிலும் சேர்க்கப்படும் அதிமதுரம், அளவுக்கு மிஞ்சினால் குருதி அமுக்கத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். சளிக்கும் இழுப்புக்கும் சீன வைத்தியம் பயன்படுத்தும் எபெட்ராவும் அமுக்கத்தை உயர்த்தக்கூடியதே.

அவ்வாறாயின் சீனாவிடம் கற்பதற்கு எதுவுமில்லையா? நிறையவே உண்டு. அந்நாட்டின் மரபுவழி உடற்பயிற்சியான தாய்ச்சி, குருதி அமுக்கத்தைக் குறைக்க உதவுவதாக 342 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதனிலும் பெரிய பாடத்தைச் சீனாவின் கிராமங்களே தருகின்றன.

அங்கு 326 கிராமங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. கிராம வைத்தியர்களே அமுக்கத்தை அளந்து, வழமையான மாத்திரைகளை வழங்கி, தொடர்ந்து கண்காணித்த கிராமங்களில் 18 மாதங்களில் 57 சதவீதமானோரின் குருதி அமுக்கம் 130/80க்குக் கீழ் வந்தது. ஏனைய கிராமங்களில் அது சுமார் 20 சதவீதமே. மேலும், சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்ததை 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவியது. எனினும் சிறுநீரக நோயாளர் அவ்வுப்பைத் தவிர்க்க வேண்டும்; ஏனையோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இது நம் நாட்டுக்கு ஒவ்வாத முறையும் அன்று. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அமுக்கத்தை அளந்து ஆலோசனை வழங்கியபோது, இரண்டு ஆண்டுகளில் நல்ல பயன் கிடைத்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் லயன்களுக்கு அருகிலேயே இருக்கின்றனர். வைத்தியர் விதித்த மாத்திரைகளைத் தோட்ட மருந்தகத்திலேயே மாதந்தோறும் பெறுவதற்கு வழிசெய்தால், பேரையும் இழக்க வேண்டியதில்லை. மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. சுகாதார அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

நோயாளருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. ஊசிச் சிகிச்சையையோ மூலிகையையோ நாடுபவர்கள் அதனைத் தமது வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. நோன்பு காலத்தில் மாத்திரையை ஸஹருக்கோ இப்தாருக்கோ மாற்றிக்கொள்வதையும் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்து, நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பை உட்கொள்வது யாவருக்கும் நன்று. உடல்நிலை சுகமாகத் தோன்றுகின்றது என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்தாகும்.