கிடப்பதற்கும் நடப்பதற்கும் எத்தனை கலோரி?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்பதை இரண்டு எண்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதயம் துடிக்க, மூச்சு விட, சூடு காக்க என்று உடம்பு சும்மா கிடக்கும்போதே செலவழிப்பது முதல் எண். இதற்கு அடிப்படை வளர்சிதை மாற்றம் என்று பெயர். அன்றைய நாளின் அசைவெல்லாம் சேர்ந்து அந்தச் செலவை எத்தனை மடங்கு ஆக்குகின்றன என்பது இரண்டாவது எண். ஒன்றை இன்னொன்றால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. இரண்டாவது எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

இந்தியர்களுக்கான அளவுகளை வகுத்துத் தருவது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது பிறந்தது தமிழ்நாட்டில். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய பிரிவுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இந்த நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட அளவுகள்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை பார்த்தால் 2,110 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,710, கடும் உழைப்புக்கு 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1,660, 2,130, 2,720. பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. இங்கேயும் அந்தப் பொருளிலேயே வருகிறது. இந்த மூன்று உழைப்புக்கும் பெருக்கும் எண்கள் முறையே 1.4, 1.8, 2.3.

இதற்கு முந்தைய 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் உட்கார்ந்த வேலை பார்க்கும் ஆணுக்கு 2,320 கலோரி இருந்தது. அப்போது கணக்கில் கொண்ட எடை 60 கிலோதான். பத்தாண்டில், கணக்கில் கொண்ட ஆணின் எடை ஐந்து கிலோ ஏறியும், அவனுக்கு அனுமதித்த சாப்பாடு 210 கலோரி இறங்கிவிட்டது. உட்கார்ந்திருக்கும் வாழ்க்கை முன்பு நினைத்ததைவிடக் குறைவாகவே செலவழிக்கிறது என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

உடம்பு நாள் முழுவதும் செலவழிப்பதை நிலைவாரியாகப் பார்க்க ஒரு கோயில் உதவும். சென்னைப் புறநகரான பல்லாவரத்துக்கு மேற்கே, இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலங்களில் காட்சி தருகிறார். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்த பெருமாள் அடியெடுத்து நடக்கிறார். மனிதரின் இருபத்துநான்கு மணி நேரமும் இந்த நான்கு நிலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. செலவுக் கணக்குக்கும் வேறு பிரிவு தேவையில்லை. 65 கிலோ எடையுள்ள ஆண் தூங்கும்போது மணிக்குச் சுமார் 63 கலோரி செலவாகிறது. உட்கார்ந்திருந்தால் அதைப் போல 1.3 மடங்கு, அதாவது 82. நின்றபடி சமைப்பது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைக்கு இரு மடங்கு. சுறுசுறுப்பாக நடந்தால் 3.3 மடங்கு, அதாவது 208.

இந்த மலையடிவாரத்தில் வசிக்கும் 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் நாளைக் கூட்டிப் பார்க்கலாம். வேலை தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், கணினி முன்னால். தூக்கம் எட்டு மணி நேரம். அலுவலகம், பஸ், சாப்பாடு, தொலைக்காட்சி என்று உட்கார்ந்திருப்பது பன்னிரண்டு. குளியலும் வீட்டு வேலையும் மூன்று. விடியற்காலையில் தவறாமல் ஒரு மணி நேர நடை. எல்லாவற்றையும் மடங்கோடு பெருக்கிக் கூட்டி 24ஆல் வகுத்தால் கிடைப்பது 1.37. தினமும் ஒரு மணி நேரம் வியர்க்க நடந்தும் ‘உட்கார்ந்த வேலை’ என்ற வரியைத் தாண்டவில்லை. நடக்காமல் அந்த நேரமும் உட்கார்ந்திருந்தால் 1.29, அந்தப் பட்டியலின் மிகக் குறைந்த எண்ணான 1.4க்கும் வெகு கீழே. ஆக, 1.4 என்பது நடக்காதவருக்கான எண் அல்ல, நடப்பவருக்கான எண். ‘நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே’ என்று 1.8ஐத் தேர்ந்தெடுப்பவர் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக எழுதிக்கொள்கிறார்.

அதே தெருவில் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளின் நாள் வேறு. தலையில் சும்மாடு வைத்து, கலவைச் சட்டி சுமந்து, மாடிக்கும் தரைக்குமாக எட்டு மணி நேரம் ஏறி இறங்குகிறார். அந்த வேலைக்கு இடையிடையே நிற்பதையும் சேர்த்து சராசரி 3.5 மடங்கு என்று வைக்கலாம். வேலைக்கு முன்னும் பின்னும் சமையல், தண்ணீர், துணி என்று நாலு மணி நேரம். போக வர நடை ஒரு மணி நேரம். உட்கார மூன்று மணி நேரம் கிடைத்தால் அதிகம். மீதி தூக்கம். கூட்டி 24ஆல் வகுத்தால் 2.13 வரும். 55 கிலோ எடையுள்ள அவருக்குச் சுமார் 2,530 கலோரி வேண்டும். பக்கத்து வீட்டுக் கணினிக்காரரைவிடப் பத்துக் கிலோ குறைந்த உடம்பு, நானூறு கலோரிக்கு மேல் கூடுதல் சாப்பாடு. உடற்பயிற்சி என்ற சொல் அவர் நாளில் எங்கும் இல்லை.

உடற்பயிற்சியின் கணக்குதான் பலரை ஏமாற்றுகிறது. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக இந்த மலை ஏறுகிறார்கள். உயரம் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 65 கிலோ உடம்பை அவ்வளவு தூரம் தூக்க இயற்பியல்படி தேவைப்படுவது 9 கலோரிதான். தசை தன் செலவில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். அதனால் உடம்புக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 40. மூச்சு வாங்கி, சட்டை நனைந்து, படி முழுவதும் ஏறியதற்குப் பாதி இட்லி. அந்தக் காலை நடையும் அப்படித்தான். 208 கலோரி என்று சொன்னாலும், உட்கார்ந்திருந்தாலே 82 செலவாகியிருக்கும். உண்மையான கூடுதல் 126. திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு மெதுவடையும் அதைச் சரிக்கட்டிவிடும். நடையால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் கேட்பது இதயத்துக்காகவும் சர்க்கரை நோய்க்காகவும் கூடத்தான். கலோரி அதில் ஒரு பகுதி.

கைக்கடிகாரக் கருவிகள் காட்டும் எண்ணை நம்பிச் சாப்பிடுவதும் ஆபத்து. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், கலோரியைப் பொறுத்தவரை இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். இன்னொரு தவறும் சகஜம்: நடையையும் சேர்த்து மடங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அன்றைய நடைக்குக் கடிகாரம் காட்டிய கலோரியை மறுபடி மேலே கூட்டுவது. ஒரே ரூபாயை இரண்டு தடவை வரவு வைப்பது போன்றது அது.

சொந்த எடைக்குக் கணக்குப் போட, 1990இல் வெளியான மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. கிலோவில் எடையை 10ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆணானால் 5 கூட்ட வேண்டும், பெண்ணானால் 161 கழிக்க வேண்டும். 62 கிலோ எடை, 156 சென்டிமீட்டர் உயரம், 34 வயதுள்ள பெண்ணுக்கு 1,264 வருகிறது. 1.4ஆல் பெருக்கினால் 1,770. சூத்திரம் அமெரிக்கர்களை அளந்து வந்தது. இந்திய உடம்புகளுக்குக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். அதனால் விடையைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்வது நல்லது. இரண்டு மூன்று வாரம் அந்த அளவில் சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்தால், ஏறுகிறதா நிற்கிறதா என்பது உண்மையான எண்ணைக் காட்டிவிடும்.

எடை குறைக்க வேண்டியவர் அந்த எண்ணிலிருந்து 300 முதல் 500 வரை கழித்துக்கொள்ளலாம். இந்தப் பெண் 500 கழித்தால் 1,270தான் மிஞ்சும். 1,200க்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போகக் கூடாது; அதில் புரதமும் இரும்பும் போதிய அளவு அடங்குவது கஷ்டம். ஆகவே சிறிய உடம்புள்ள பெண்களுக்குத் தட்டில் குறைக்க அதிக இடமில்லை. பாதியைத் தட்டிலும் பாதியை நடையிலுமாகப் பிரிப்பதே நடக்கிற காரியம். தட்டில் குறைப்பதற்கு முதல் இடம் எண்ணெய்: ஒரு தேக்கரண்டி 45 கலோரி, தாளிக்கும்போது யாரும் தேக்கரண்டியால் அளப்பதில்லை. இரண்டு இட்லி சுமார் 150, ஒரு கிண்ணம் உப்புமா 270 என்ற வித்தியாசத்துக்கும் பெரும் காரணம் எண்ணெயே.

நெடுந்தூரம் ஓடுபவர்கள் தனி ரகம். ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்குக் கிலோ எடைக்கு ஒரு கலோரி என்பது கைக்கணக்கு. 65 கிலோக்காரர் பத்து கிலோமீட்டர் ஓடினால் 650. அந்த நாள்களில் தொடர்ந்து சாப்பாட்டைக் கூட்டாமல் விட்டால் கொழுப்போடு தசையும் கரையக்கூடும். கர்ப்பிணிகளுக்கு 350 கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதம் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்கிறது 2020ஆம் ஆண்டுப் பட்டியல். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருந்தளவையும் சேர்த்து யோசிக்காமல் கலோரியைக் குறைக்கக் கூடாது.

ஒருமுறை போட்ட கணக்கு நிலையாக இருப்பதில்லை. எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறைகிறது. 75 கிலோவில் தொடங்கியவர் 70க்கு வந்ததும் சூத்திரத்தில் 50 கலோரி இறங்கும், 1.4 மடங்கில் 70. மூன்று மாதம் நன்றாக இறங்கிய எடை திடீரென்று நின்றுவிட்டதே என்று புலம்பும்போது, பழைய எடைக்குப் போட்ட எண்ணையே இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த 70 கலோரி என்பது ஒரு மெதுவடை.