குடிக்காதவர் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்துவிட்டால் வீட்டிலும் தெருவிலும் எழும் முதல் கேள்வி, “குடிப்பாரா?” என்பதுதான். மதுவைத் தொட்டே அறியாத பெண்கள் இந்தக் கேள்விக்குக் கூசியே மருத்துவரிடம் மறுபடி போகத் தயங்குகிறார்கள். செய்யாற்றங்கரை மாகறல் போன்ற நெல் விளையும் ஊர்களில் இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்: குடிக்காதவருக்கும் இது வரும். ஒல்லியானவருக்கும் வரும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் கிராமங்களில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. மதுவால் வராத கல்லீரல் கொழுப்பு அங்கே 8.7 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல் நிறை குறியீடு 25ஐத் தாண்டவில்லை.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று குடலில் இருக்கிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. ஆகவே குடல் பாக்டீரியாக்கள் எதை உண்டாக்கினாலும் முதலில் எதிர்கொள்வது கல்லீரல்தான். நார்ச்சத்து கிடைத்தால் அவை பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய உணவு. நார் இல்லாத தீனி போட்ட எலிகளிலோ, பாக்டீரியாக்கள் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்தன. சுவர் தளர்ந்தால் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, கல்லீரலில் அழற்சியைக் கிளப்பும்.

2019இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் கல்லீரல் கொழுப்பு இருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டாலே, ஒரு சொட்டு மது இல்லாமல், அவர் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறியது. குடலில் இருந்த கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டிருந்தது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரலிலும் கொழுப்பு படிந்தது. எல்லார் கதையும் இதுவல்ல, ஆனாலும் “குடிப்பாரா?” என்ற கேள்வி எவ்வளவு போதாதது என்பதை இது காட்டிவிடுகிறது.

அப்படியானால் ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரை? 2020இல் வெளியான சவுத்தாம்ப்டன் ஆய்வில் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் மாறின. கல்லீரல் கொழுப்பு குறையவில்லை. சீனாவில் 2023இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது: சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்தை நாளுக்கு 40 கிராம் வீதம் நான்கு மாதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது.

ஆறிய சோற்றிலும் அந்த வகை மாவுச்சத்து கூடுகிறது. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆராய்வதும் நல்ல முயற்சி. ஆனால் ஒரு கிண்ணம் பழையதில் 40 கிராம் வராது, சில கிராம்தான். மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்றால் பழையதாலும் ஈடுகட்ட முடியாது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காராமணி, கொள்ளு, கீரை, கேழ்வரகு வரட்டும். எடை கூடியவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் அழற்சியே தணிகிறது.

சர்க்கரை நோயும் கல்லீரல் கொழுப்பும் பல நேரம் சேர்ந்தே வருவதால், சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குகிறவர்கள் கல்லீரலைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வயது, இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணு எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்தே தழும்பு விழும் அபாயத்தை அவரால் கணக்கிட்டுவிட முடியும்.