செல்ப் எடுக்கவில்லையா? அவசரப்பட்டு பேட்டரியை மாற்றாதீர்கள்!

ஓமலூர்,

காலையில் அவசரமாகக் கிளம்பும்போதுதான் கார் மக்கர் செய்யும். சாவியைத் திருப்பினால், "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் வரும்.

"பேட்டரி போச்சு, புதுசு போட்டுடுங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். பல ஆயிரம் ரூபாய் பணால்!

ஆனால், எப்போதும் கோளாறு பேட்டரியில் இருப்பது இல்லை.

தொப்பூரில் நின்றால்?

அதற்காக, சாகும்வரை ஓட்டுவதும் ஆபத்து. ஓமலூரில் இருந்து தர்மபுரி, பெங்களூர் போகிறவர்கள் தொப்பூர் கணவாயைத் தாண்ட வேண்டும். விபத்துக்குப் பெயர்போன பாதை அது. அங்கே ராத்திரி நேரத்தில் கார் நின்று, செல்ப் எடுக்காவிட்டால் என்ன ஆகும்?

பேட்டரிக்குப் பெரிய எதிரி வெயில். சேலம் பக்கத்துக் கோடை வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வற்ற வைக்கும். ஈயத் தகடுகளை அரிக்கும். 3 வருஷம் தாண்டிய பேட்டரி என்றால், கோடைக்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது.

சோதிப்பது எப்படி?

முதலில் ஒயர் மாட்டும் முனைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, சுத்தம் செய்து, அதையே கடைசியில் மாட்ட வேண்டும். பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்!

அடுத்து, வோல்ட் மீட்டர். வண்டியை நிறுத்தி, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால்:

12.6 வோல்ட் - முழு சார்ஜ்.
12.2 வோல்ட் - பாதிதான்.
12-க்குக் கீழே - கிட்டத்தட்ட காலி.

காலி என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. விளக்கை அணைக்க மறந்தாலும் இப்படித்தான் காட்டும். சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போது, பெரும்பாலான கார்களில் 14 வோல்ட் அளவில் இருக்கும். ஏறவே இல்லை என்றால், ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால், அதுவும் நாலு நாளில் படுத்துவிடும்.

எப்போது மாற்றுவது?

முழு சார்ஜ் ஏற்றிய பிறகும், செல்ப் போடும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியின் ஆயுள் முடிகிறது என்று பொருள். கடைக்காரரிடம் "லோடு டெஸ்ட்" செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால், 6 அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். ஒரு அறை மட்டும் ரொம்பக் குறைவாகக் காட்டினால், அந்த அறை போய்விட்டது. பெட்டி உப்பினாலோ, ஆசிட் கசிந்தாலோ யோசிக்கவே வேண்டாம். உடனே மாற்ற வேண்டியதுதான்.

பீடி கூடாது!

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்! பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது.

பழைய பேட்டரியைக் குப்பையில் வீசாமல் கடையிலேயே கொடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. புதிய பேட்டரி விலையில் அதைக் கழித்துக்கொள்வார்கள்.