சைக்கிளுக்கு நாமா, நமக்குச் சைக்கிளா?

செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. சட்டை எடுத்தால் தோளில் வைத்துப் பார்க்கிறோம். மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு முறை கடைக்கு நடக்கிறோம். ஆனால் சைக்கிள் வாங்கும்போது மட்டும், நிறம் பிடித்திருக்கிறதா, கேரியர் உண்டா, விலையில் இருநூறு முந்நூறு குறைப்பாரா என்ற மூன்று கேள்விகளோடு காரியத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். நம் உயரத்துக்கு இந்த வண்டி பொருந்துமா என்ற நான்காவது கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் கேரேஜ் - வேகன் பிரிவில் அளவுகோலும் கையுமாக இருந்தவன் நான். அகல ரயில் பாதையில் ஓடும் வேகனின் பஃபர், தண்டவாள மட்டத்திலிருந்து 1105 மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழுச் சுமை ஏற்றிய பிறகும் 1030க்குக் கீழே இறங்கக் கூடாது. வித்தியாசம் வெறும் 75 மில்லி மீட்டர்தான். அதை மீறினால் வண்டி "சிக்", அதாவது பழுது என்று ஒதுக்கப்படும். உயிரில்லாத வேகனுக்கே இத்தனை கவனம் என்றால், நம் பிள்ளைகள் ஏறி ரோட்டில் போகும் வண்டிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! கரக்பூர் போன்ற சமதரையான ஊர்களில் வாழும் நம் குடும்பங்களில் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

எந்த அங்குலம்?

முதல் குழப்பம் "இஞ்ச்" என்ற சொல்லில் இருக்கிறது. கடையில் "24 இஞ்ச்" என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு.

பிள்ளைகளின் சைக்கிளிலும் இன்றைய கியர் சைக்கிளிலும் 12, 16, 20, 24, 26, 27.5, 29 என்று சொல்வது சக்கரத்தின் அளவு. நம் அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் 20, 22, 24 என்று சொன்னது ஃபிரேமின் அளவு. அதாவது, இரண்டு கிராங்குகளும் சேருமிடத்தில் உள்ள அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை உள்ள நீளம். அந்த வண்டிகளில் 22 ஆனாலும் 24 ஆனாலும் சக்கரம் என்னவோ 28 அங்குலம்தான். ஆகவே பேரனுக்கு "24 இஞ்ச்" என்பது பொருத்தமான சிறுவர் வண்டி. தாத்தாவின் வண்டியில் "24 இஞ்ச்" என்பது ஆறடி ஆளுக்கானது. கடைக்காரரிடம் "சக்கரமா, ஃபிரேமா?" என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குரங்குப் பெடல் வந்த கதை

1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ, நமக்கு அருகில் ஆசன்சோலில் சென்-ராலே என்று கம்பெனிகள் தொடங்கப்பட்டபோது, ஊருக்கு ஊர் பரவியது இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் மாதிரிதான். பால் கேனும் நெல் மூட்டையும் சுமக்க அதைவிடக் கெட்டியான வண்டி கிடையாது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 22 அங்குல ஃபிரேம் என்பது 56 செ.மீ. கிராங்க் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 29 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே குறுக்குப் பார் தரையிலிருந்து 80 செ.மீ.க்கு மேல். ஐந்தடி ஐந்து அங்குல உயரமுள்ள ஆளின் கால் அளவு சுமார் 75 செ.மீ.தான் இருக்கும். சீட்டை முழுக்க இறக்கி வைத்தால் அவரால் ஓட்ட முடியும். ஆனால் பாரின் இரு பக்கமும் காலூன்றி நிற்க முடியாது. நம் பெரியவர்கள் ஓடிக்கொண்டே ஏறியதும், நிற்கும்போது ஒரு பக்கம் சாய்த்துக் குதித்ததும் இதனால்தான்.

பெரியவர்கள் பாடே அப்படி என்றால் சிறுவர்கள் என்ன செய்வார்கள்? பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். இந்தப் பக்கத்து இந்திக்காரர்கள் அதைக் "கைஞ்சி" என்பார்கள், கத்திரிக்கோல் என்று அர்த்தம். ஊர் எதுவானாலும் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி ஒன்றே! நினைத்தால் இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்று கிராமத்துச் சாலையில் மாட்டு வண்டிதான் எதிரே வரும். இன்று டோட்டோவும் லாரியும் வருகின்றன. நாம் அப்படிக் கற்றோம் என்பதற்காகப் பேரப் பிள்ளைகளும் அப்படியே கற்க வேண்டும் என்பது நியாயமில்லை.

வீட்டிலேயே அளக்கலாம்

உயரத்தைவிட முக்கியமானது கால் அளவு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும், மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, அதன் முதுகுப் பக்கம் மேலே பார்க்க, சீட்டில் உட்காரும்போது அழுந்துமே அந்த அளவுக்கு மேலே அழுத்துங்கள். புத்தகத்தின் ஓரம் சுவரோடு ஒட்டி நேராக இருக்க வேண்டும். மேல் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு. அங்கிருந்து தரை வரை அளந்தால் அதுவே கால் அளவு. மூன்று தடவை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

நேரான குறுக்குப் பார் உள்ள வண்டி என்றால் கால் அளவை 0.65-ஆல் பெருக்க வேண்டும். 49 செ.மீ. வரும், அதாவது 19 அங்குல ஃபிரேம். பார் சரிவாக உள்ள மலைப்பாதை மாதிரி வண்டிக்கு 0.57-ஆல் பெருக்கினால் 43 செ.மீ., அதாவது 17 அங்குலம். இவை தோராயக் கணக்குகள். கடைசித் தீர்ப்பு பாரின் மேல் நின்று பார்ப்பதுதான். வண்டியின் மேல் இரு காலையும் ஊன்றி நிற்கும்போது, பாருக்கும் உடம்புக்கும் நடுவே சாலை வண்டியில் ஓர் அங்குலமாவது, மலைப்பாதை மாதிரி வண்டியில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

கை எட்டுகிறதா என்பதற்கு மெக்கானிக்குகளின் பழைய வழி ஒன்று உண்டு. முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டுங்கள். விரல் நுனி ஹாண்டில் பாரைத் தொட்டால், அல்லது ஒன்றிரண்டு அங்குலம் முன்பின் இருந்தால், வண்டியின் நீளம் ஏறக்குறைய சரி.

"இரண்டு வருஷம் வருமே!"

பள்ளிச் சீருடையைப் பெரிதாக எடுத்து உள்ளே மடித்துத் தைப்போம். வருஷா வருஷம் பிரித்து விடுவோம். சைக்கிளில் அப்படி மடிப்பு கிடையாது.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. 2011-ல் ஏழாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு 26 அங்குல வண்டி வாங்கித் தந்தார்கள். "காலேஜ் வரைக்கும் வரும்" என்று கடைக்காரர் சொன்னாராம். ஓடும்போது அந்தப் பெண் நன்றாகவே ஓட்டினாள். நிறுத்தும்போதுதான் வினை. மார்க்கெட் திருப்பத்தில் ஒரு ரிக்‌ஷா குறுக்கே வர, பிரேக் பிடித்தாள், வண்டி நின்றது, கால் தரைக்கு எட்டவில்லை. சாய்ந்து விழுந்து முழங்கை பெயர்ந்தது. ஒரு மாதம் கட்டு. பிறகு சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்றாள். டியூஷனுக்கு அம்மா கூடவே நடக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் அந்த டியூஷனும் நின்றது. "பயந்தாங்கொள்ளி" என்று வீட்டில் பேர் வைத்துவிட்டார்கள்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பெண்ணின் உயரம் 142 செ.மீ., கால் அளவு 65. சீட்டைக் கடைசி வரை இறக்கியும் தரையிலிருந்து 78 செ.மீ. இருந்தது. பதின்மூன்று செ.மீ. வித்தியாசத்தில் யார்தான் காலூன்ற முடியும்? கடையில் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்தார்கள். அடுத்த வரிசையில் ஒரு பையனுக்கு 24 அங்குல வண்டி சிறியதாகிவிட்டிருந்தது. இரு வீட்டாரும் பேசி மாற்றிக்கொண்டார்கள். அதில் சீட் 69 செ.மீ.க்கு இறங்கியது. முதல் நாள் மைதானத்தில் அவளை ஓட்டச் சொல்லவில்லை. ஏறி, இறங்கி, நிறுத்தி நிற்க மட்டும் சொன்னோம். பத்தாம் நாள் தனியாக டியூஷனுக்குப் போனாள். பயம் அவள் சுபாவத்தில் இருந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். அது அந்தப் பதின்மூன்று சென்டிமீட்டரில் இருந்தது.

ஆகவே பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டிய விதி இது: சீட்டைக் கடைசி வரை இறக்கித் தரையிலிருந்து அளங்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அந்த உயரம் கால் அளவைத் தாண்டக் கூடாது. இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு 4, 5 செ.மீ. கூடுதலாக இருக்கலாம், இரு கால்களின் முன்பாதமும் ஊன்ற வேண்டும். இப்படி இறக்கிய நிலையில் பொருந்தும் வண்டியை வாங்கினால், பிள்ளை வளர வளரச் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். "இரண்டு வருஷம்" என்ற ஆசையும் நிறைவேறும்.

தோராயமாகச் சக்கர அளவு இப்படி:

பிள்ளையின் உயரம் 85 - 100 செ.மீ. என்றால் 12 அங்குலம்.
105 - 120 செ.மீ. என்றால் 16 அங்குலம்.
115 - 135 செ.மீ. என்றால் 20 அங்குலம்.
130 - 150 செ.மீ. என்றால் 24 அங்குலம்.
அதற்கு மேல் 26.

"கித்னே ஸால் கா பச்சா?" என்று கடையில் வயதைத்தான் கேட்பார்கள். நீங்கள் உயரத்தையும் கால் அளவையும் சொல்லுங்கள். பிரேக் லீவரை ஒரே கையால் முழுக்கப் பிடிக்க விரல் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். எட்டாத பிரேக்கும் இல்லாத பிரேக்கும் ஒன்றுதான்.

பெண்களும் சைக்கிளும்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட சௌகரியம். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தார்கள். மேற்கு வங்கத்தில் 2015-ல் "சபுஜ் சாத்தி" திட்டம் வந்தது. சைக்கிள் கைக்கு வந்ததும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் இலவச வண்டி பிள்ளையின் அளவு பார்த்து வருவதில்லை. வீட்டுக்கு வந்த அன்றே சீட்டையும் ஹாண்டிலையும் அவளுக்கேற்ப இறக்கியோ ஏற்றியோ கொடுங்கள். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிஷமும் போதும். புடவை கட்டும் பெண்களுக்குப் பார் தாழ்ந்த லேடீஸ் வண்டியே நல்லது; செயின் கவரும் பின் சக்கரத்துக்குச் சேலை கார்டும் அவசியம்.

நம் வயதுக்காரர்களுக்கு

ரிட்டயர் ஆன நண்பர் ஒருவர், முழங்கால் வலிக்கிறது, இனி சைக்கிள் வேண்டாம் என்றார். பார்த்தால், இரு பாதமும் தரையில் பதிய வேண்டுமென்று சீட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தார். பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கியது.

1986-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்று உண்டு. கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும். 75 செ.மீ.க்கு அது 66. கணக்கு வேண்டாமென்றால், சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக இருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும்; அதிகம் உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

பந்தயக்காரர் அளவை நாம் அப்படியே வைக்க வேண்டியதில்லை. நிறுத்தும்போது முன்பாதம் ஊன்றும்படி இரண்டு செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். நண்பருக்கு ஒரே நாளில் ஏற்றாமல், வாரத்துக்கு 2 செ.மீ. என்று இரண்டு தடவை ஏற்றினேன். இப்போது தினமும் காய்கறி வாங்கப் போய் வருகிறார். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்ப்பதுதான் முறை. ஆனால் டாக்டரிடம் போகுமுன் சீட்டை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. சீட் பில்லரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. குறி இல்லாத பழைய பில்லர் 6, 7 செ.மீ.யாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கும் மேல் ஏற்ற வேண்டி வந்தால், ஃபிரேம் உங்களுக்குச் சின்னது என்று பொருள்.

ஒரு யோசனை

வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறுகிறவர்கள் நாம். மாற்றல் வரும்போது பிள்ளைகளின் சைக்கிள் பால்கனியில் துருப்பிடித்துக் கிடக்கும், இல்லையேல் பழைய இரும்புக்காரனுக்குப் போகும். அதே சமயம் பக்கத்து வரிசையில் ஒருவர் அதே அளவு வண்டியைப் புதிதாக விலை பேசிக்கொண்டிருப்பார். வரும் பொங்கல் விழாவின்போது, மைதானத்தின் ஒரு மூலையைச் சைக்கிள் மாற்றிக்கொள்ள ஒதுக்கினால் என்ன? சிறியதாகிப்போன வண்டியைக் கொண்டுவருபவர்கள் வரட்டும். பொருத்தமானதை எடுத்துச் செல்பவர்கள் செல்லட்டும். செயற்குழு அன்பர்கள் சம்மதித்தால், டேப்பும் ஸ்பேனரும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகமுமாகக் காலை ஒன்பது மணிக்கே நான் வந்துவிடுகிறேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். காற்றடிக்கும் பம்ப் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள்.