கடைப் பையனுக்கும் கல்லூரி வாசல் திறக்கட்டும்



"ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை" என்ற புலம்பல் நம் சங்கக் கூட்டங்களில் கேட்காத நாளில்லை. நானும் புலம்பியவன்தான். ஆனால் நம்மிடம் ஐந்தாறு ஆண்டுகள் தொழில் பழகிய பையன் கடைசியில் கையில் எதைக் கொண்டு போகிறான் என்று நாம் யோசித்ததுண்டா?

பொட்டலம் மடிப்பதில் தொடங்குகிறான். எடை போடுகிறான், சிட்டை எழுதுகிறான், பேரேட்டில் பற்று வரவு ஏற்றுகிறான். வத்தலைக் கையில் எடுத்ததுமே ஈரப்பதம் சொல்கிறான். எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முகம் பார்த்தே அறிகிறான். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஆனால் இத்தனையும் தெரியும் என்பதற்கு அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

நம் ஆடிட்டரைப் பாருங்கள். அவரும் ஒரு மூத்த ஆடிட்டரின் அலுவலகத்தில் கோப்பு தூக்கித் தொழில் பழகியவர்தான். முன்பு மூன்றாண்டுப் பயிற்சி. 2023இல் வந்த புதிய திட்டப்படி இரண்டாண்டு. பகலில் வேலை, இரவில் படிப்பு, நடுவில் தேர்வு. அங்கே பழகிய காலம் கணக்கில் ஏறுகிறது. நம் கடையில் பழகிய காலம் காற்றோடு போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990களில் என் கடையில் ஒரு பையன் இருந்தான். பத்தாம் வகுப்பு தேறியவன். தனியாகப் பணம் கட்டி, பிளஸ் டூ தேர்வுக்கு இரவில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தான். தேர்வு மார்ச் மாதம் வந்தது. நமக்கு அதுதான் முண்டு வத்தல் வரத்துக் காலம். வருஷக் கணக்கு முடிக்கும் மாதமும் அதுவே. "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பரீட்சைதான் பாக்கி" என்று வந்து நின்றான். "லாரி நிக்குது, இப்போ பரீட்சையா? அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அந்த இரண்டு தேர்வையும் எழுதவில்லை. பிறகும் எழுதவே இல்லை. அடுத்த ஆண்டு வேலையை விட்டு நின்றுகொண்டான்.

இன்று அவர் சொந்தமாக ஒரு லோடு வேன் ஓட்டுகிறார். என் கடைக்கும் சரக்கு ஏற்ற வருவார். அதே மரியாதையோடுதான் "அண்ணாச்சி" என்கிறார். அந்தப் பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அன்று இறக்கிய வத்தலில் என்ன லாபம் வந்தது என்று இப்போது நினைவில்லை. பையனின் முகம் நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் விருதுநகர். அன்று விருதுபட்டி என்று பெயர். நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கி, 1889இல் க்ஷத்திரிய வித்யாசாலையை நிறுவினார்கள். அந்தப் பள்ளியில் படித்து, குடும்ப நிலையால் பாதியில் நின்று, தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்குப் போனவர்தான் காமராஜர். அந்தக் கடைப் பையன் 1954இல் முதலமைச்சராகி ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார். வியாபாரத்துக்கும் கல்விக்கும் பகை என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

சரி, இன்று ஒரு பையனுக்கு என்னென்ன வழிகள் உண்டு?

முதலாவது, பள்ளித் தேர்வு. கல்லூரி வாசலைத் திறக்கும் சாவி பிளஸ் டூ தேர்ச்சிதான். பள்ளிக்குப் போக முடியாதவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். நாம் செய்ய வேண்டியது தேர்வு நாட்களில் சம்பளத்தோடு விடுப்புத் தருவது மட்டுமே.

இரண்டாவது, வேலையில் இருந்துகொண்டே பட்டம். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்காகவே உள்ளவை. கடையில் பேரேடு எழுதியவனுக்கு பி.காம். கணக்குப்பதிவியல் புதிதாக இராது. பாதி பாடம் கைப்பழக்கத்திலேயே இருக்கும்.

மூன்றாவது, எல்லாப் பையனுக்கும் கணக்குப் பிடிக்கும் என்பதில்லை. இயந்திர வேலையில் நாட்டமுள்ளவன் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமா முடித்தால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு.

நான்காவது, முறையான தொழில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் ஆலைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். 2019இல் திருத்திய விதிகளின்படி நான்கு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமும் விரும்பினால் பழகுநரை வைத்துக்கொள்ளலாம்; முப்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் கட்டாயம். 2016இல் தொடங்கிய திட்டப்படி உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. பட்டப் படிப்புக்குள்ளேயே இப்பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020இல் கல்லூரிகளுக்கு வழிகாட்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பிளஸ் டூ வேண்டாம், நேராக டிகிரி" என்று ஆசை காட்டுபவர்களை நம்பிப் பையன்கள் ஏமாறக் கூடாது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் தமிழக அரசு ஆணையிட்டது. படியைத் தாண்டிக் குதித்தால் பணமும் போகும், காலமும் போகும். பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்துக் கொடுங்கள். படித்தவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதலாளிதான் வழிகாட்டி.

"படிக்க வைத்தால் போய்விடுவான்" என்பீர்கள். போவான்தான். அந்த முதல் பையனுக்குப் பிறகு நான் திருந்தி, இன்னொருவனைத் தபால் வழியில் பி.காம். படிக்கவிட்டேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஊரே திகைத்து நிற்க, என் கடைக் கணக்கை அவன்தான் ஒழுங்கு செய்தான். இரண்டாண்டு கழித்து விலகிப் பக்கத்து ஊரில் தனிக்கடை வைத்தான். இன்று மாதந்தோறும் என்னிடம்தான் பருப்பு எடுக்கிறான், தவணை தவறியதில்லை. ஓர் ஆள் போனான், ஒரு வாடிக்கையாளர் வந்தார். இதில் நட்டம் எங்கே?

ஜெர்மனியில் சில்லறை வணிகத்துக்கே மூன்றாண்டுப் பழகுநர் பயிற்சி உண்டு. கடையில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம். முடிவில் தேர்வு நடத்திச் சான்று தருவது அங்குள்ள தொழில் வணிகச் சபை. அதாவது நம்மைப் போன்ற வணிகர்களின் அமைப்பு! தொழிலில் மேல்நிலைத் தேர்வும் தேறியவர்கள் பள்ளி இறுதிச் சான்று இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று 2009இல் அந்நாட்டு மாநிலக் கல்வி அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். நம் நாட்டில் அந்த அளவுக்கு வர நாளாகலாம். அதுவரை நம்மால் முடிந்ததைச் செய்யலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, உறுப்பினர் கடைகளில் பழகியவர்களுக்கு, கற்ற வேலைகளை விவரித்து, காலம் குறிப்பிட்டு, சங்க முத்திரையுடன் சான்று வழங்க வேண்டும். இரண்டு, பொதுத்தேர்வு நாட்களில் கடைப் பையன்களுக்கு விடுப்புத் தருவதென்று தீர்மானம் போட வேண்டும். மூன்று, பழைய மகமையைப் போல ஒரு சிறு நிதி ஒதுக்கித் தேர்வுக் கட்டணமாவது கட்ட வேண்டும்.

ஒன்று மறவாதீர்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அவன் இடம் பள்ளிக்கூடம். நான் சொல்வதெல்லாம் அதற்கு மேற்பட்டு, வீட்டுச் சுமையால் நம்மிடம் வந்து சேர்கிறவர்களைப் பற்றி.

வரும் மார்ச்சிலும் வத்தல் லாரி வந்து நிற்கும். உங்கள் கடையிலும் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து விடுப்புக் கேட்கலாம். லாரி ஒருநாள் காத்திருக்கும். அவனைப் போகச் சொல்லுங்கள்.