மச்சில் புது ஜோடி

திரேஸ்புரத்தில் பெரியம்மா வீட்டு ஓட்டுக் கூரைக்கடியில், வலை கிடந்த மச்சைத் தம்பி கல்யாணத்துக்காக அறையாக்கினார்கள். ஆசாரி ஓட்டோடு ஒட்டிப் பலகையடித்து, இடுக்கெல்லாம் அடைத்துவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி புது ஜோடி தலையணையோடு கீழே இறங்கிவிட்டது!

"அண்ணே, இது மச்சு இல்ல, இட்லிக் கொப்பரை!"

வெயில் குடித்த ஓடு உள்ளே அனலைக் கக்கும். சூடான காற்று மேலே ஏறும். முகட்டில் வழியில்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடும். பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கிவைத்த மங்களூர் ஓட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: சிலவற்றில் அடியில் சீலிங் ஓடும் இருக்கும். நடுவிலுள்ள காற்றுதான் வெப்பத்துக்குத் தடுப்பு.

பலகையை நாலு விரற்கடை கீழே இறக்கினோம். கூரை விளிம்பிலும், முகட்டையொட்டிய முக்கோணச் சுவரிலும் திறப்பு வைத்து, எலி வராமல் கம்பிவலை அடித்தோம். கடல்காற்று கீழே நுழைந்து அனலை மேலே தள்ளியது.

தலையணை மச்சேறிவிட்டது. இப்போது பெரியம்மாவுக்குத்தான் தூக்கமில்லை. திறப்பு வழியாகப் பேச்செல்லாம் கேட்கிறதாம்!