ஏசியைக் கழற்றினால் மலை ஏறுமா?

திம்பம் வளைவுகளில் திணறும் சின்ன கார்களுக்குத் தேவை ஸ்பேனரா, சுவிட்சா?

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் சாலை மேல்நோக்கித் திரும்புகிறது. அடுத்தடுத்து 27 கொண்டை ஊசி வளைவுகள். கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக சாமராஜநகருக்கும், அங்கிருந்து கொள்ளேகால் வழியாக பெங்களூருக்கும் போகிற தேசிய நெடுஞ்சாலையில் டிரைவரை அதிகம் சோதிக்கும் பகுதி இந்த திம்பம் மலைப்பாதைதான். முதல் வளைவு வருமுன்பே பழகிய டிரைவரின் இடது கை டேஷ்போர்டுக்குப் போகிறது. ஏசி அணைகிறது. கண்ணாடிகள் இறங்குகின்றன. பின்சீட்டிலிருந்து முணுமுணுப்பு கிளம்புகிறது. வண்டி தெம்பாக ஏறத் தொடங்குகிறது.

அந்தத் தெம்பை ஒருமுறை உணர்ந்தவர்களுக்கு அடுத்ததாக வருவது ஒரு விபரீத யோசனை. சுவிட்சை அணைத்ததற்கே இவ்வளவு பிக்-அப் என்றால், ஏசியையே மொத்தமாகக் கழற்றிவிட்டால் வண்டி பறக்காதா? பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களிடம் இந்த ஆசை இன்னும் உயிரோடு இருக்கிறது. கழற்றித் தருகிற பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. கம்ப்ரஸர், கண்டன்ஸர், குழாய்கள் எல்லாம் ஒரு மதிய நேரத்தில் வெளியே வந்துவிடும். பணமும் பெரிதாக ஆகாது. ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்குமா என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதலில் குற்றவாளியைப் பார்க்கலாம். காரின் ஏசிக்குத் தனி மின் மோட்டார் கிடையாது. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஒரு பெல்ட் போய் கம்ப்ரஸரைச் சுற்றுகிறது. வாயுவை அழுத்திச் சூடேற்றி, கண்டன்ஸரில் ஆறவைத்து, மறுபடி விரியவிட்டுக் குளிர்ச்சி எடுப்பது கடினமான வேலை. அந்த வேலைக்கான சக்தி முழுவதும் சக்கரங்களுக்குப் போக வேண்டியதிலிருந்து பிடுங்கப்படுகிறது. சின்ன காரில் இது 3 முதல் 4 குதிரை சக்தி. 150 குதிரை சக்தி கொண்ட பெரிய வண்டிக்கு இது கொசுக்கடி. 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014-ல் தயாரிப்பு நிறுத்தப்படும் வரை நடுத்தரக் குடும்பங்களின் கனவாக இருந்த மாருதி 800-க்கோ மொத்த பலமே சுமார் 37 குதிரை சக்திதான். அதுவும் எஞ்சின் உச்ச வேகத்தில் அலறும்போது மட்டும்.

மலையில் எஞ்சின் அப்படி அலறுவதில்லை. கார் 650 கிலோ, நான்கு பேர், பெட்டிகள் என்று மொத்தம் 950 கிலோ வைத்துக்கொண்டால், நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஆறுக்குச் சற்று மேல் குதிரை சக்தி வேண்டும். டயர் உராய்வுக்கு இன்னொரு ஒன்றரை. ஆக, எட்டு. அந்த எட்டோடு ஏசி மூன்றையோ நான்கையோ சேர்த்துக் கேட்கிறது. அதாவது மலை கேட்பதில் பாதியை ஏசியும் கேட்கிறது. வளைவுக்குள் நிலைமை இன்னும் மோசம். முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருக்க, இரண்டாவது கியரில் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 1,500-க்கு இறங்கினால் அதன் முழுத் திறனும் பத்து குதிரை சக்தி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுழற்சியில் கம்ப்ரஸரின் பசியும் கொஞ்சம் குறையும் என்றாலும், பத்தில் இரண்டு போவதே பெரிய இழப்பு. அந்த இடத்தில்தான் கார் இருமுகிறது, குலுங்குகிறது, சில சமயம் நின்றே விடுகிறது.

உயரமும் தன் பங்குக்கு வரி வசூலிக்கிறது. திம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீத பலத்தை இழக்கிறது. உச்சிக்கு வரும்போது பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

இதுவரை எல்லாமே ஏசிக்கு எதிரான சாட்சியம்தான். ஆனால் அணைத்த ஏசி வேறு, கழற்றிய ஏசி வேறு என்று நினைப்பவர்கள் ஒரு சின்ன பாகத்தை மறந்துவிடுகிறார்கள். கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு மின்காந்த கிளட்ச் இருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் காந்தம் பிடியை விட்டுவிடும். பெல்ட்டும் கப்பியும் சும்மா சுழலும், உள்ளே கம்ப்ரஸர் அசையாது. டாஷ்போர்டில் பொத்தானை அழுத்தும்போது பானெட்டுக்குள் 'டக்'கென்று கேட்கிற சத்தம் அதுதான். அந்த நொடியிலேயே மூன்று, நான்கு குதிரை சக்தியும் திரும்பி வந்துவிட்டது. ஸ்பேனர் எடுத்துக் கழற்றுவதால் இதற்கு மேல் கிடைப்பது எடைக் குறைப்பு மட்டுமே.

எவ்வளவு எடை? சின்ன காரின் ஏசி சாமான்கள் எல்லாம் சேர்ந்து தோராயமாக 20 கிலோ. 950 கிலோவில் இது இரண்டு சதவீதம். மேலே சொன்ன எட்டு குதிரை சக்தியில் இரண்டு சதவீதம் என்றால், ஒரு குதிரை சக்தியில் ஆறில் ஒரு பங்கு. சாமராஜநகர் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகிற 25 கிலோ அரிசிச் சிப்பத்தை டிக்கியிலிருந்து இறக்கிவைத்தால் இதைவிட அதிக லாபம். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், அடைத்துப்போன ஏர் ஃபில்டரை மாற்றுவதும் அநேகமாக இதைவிடப் பலன் தரும். மெக்கானிக்குக்கு மட்டும் வருமானம் கொஞ்சம் குறையும்.

அப்படியானால் ரேஸ் கார்களில் ஏன் கழற்றுகிறார்கள் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. இதே நெடுஞ்சாலையின் தெற்கு முனையில் இருக்கும் கோவை, இந்திய மோட்டார் பந்தயத்தின் தலைநகரங்களில் ஒன்று. அங்கே எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் இருந்தது வேறெதுவுமில்லை, குடும்பஸ்தர்கள் ஓட்டிய அதே மூன்று சிலிண்டர், 796 சி.சி. மாருதி எஞ்சின். கூரை, கதவு, பின்சீட், குளிர்ச்சி எதுவுமில்லாத ஓர் எலும்புக்கூட்டின் மீது அதைப் பொருத்தினால் என்ன செய்யும் என்பதை இளைஞர்கள் சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கண்டார்கள். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது.

ராலி கார்களிலும் இதே தத்துவம்தான். பெங்களூரை மையமாகக் கொண்ட கே-1000 போன்ற போட்டிகளில் வெற்றி தோல்வி நொடிகளில் தீர்மானமாகிறது. அங்கே இரண்டு சதவீத எடை என்பது கோப்பைக்கும் வெறுங்கைக்கும் உள்ள தூரம். ஆனால் ராலிக்காரர்கள் ஏசியை மட்டும் கழற்றுவதில்லை. கார்பெட், பின்சீட், கதவின் உள் அட்டை என்று எல்லாவற்றையும் உரித்துவிட்டு, அந்த இடத்தில் பாதுகாப்புக்கான இரும்புக் கூண்டைப் பொருத்துகிறார்கள். தீப்பிடிக்காத உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி ஓட்டுகிறார்கள். அவர்களுக்குப் பின்சீட்டில் மாமியார் கிடையாது.

கழற்றுவதில் ஓசைப்படாத ஒரு நஷ்டமும் இருக்கிறது. குழாயைத் தளர்த்தியதும் 'புஸ்'ஸென்று வெளியேறும் வாயுவைப் பற்றிப் பட்டறையில் யாரும் கவலைப்படுவதில்லை. பழைய கார்களில் இருந்தது ஆர்-12 எனப்படும் சி.எஃப்.சி. வாயு. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987-ம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஓரங்கட்டிய பொருள் இது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 1992-ல் சேர்ந்தது, 2010 தொடக்கத்தில் சி.எஃப்.சி.க்கு விடை கொடுத்தது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட சுமார் 1,400 மடங்கு வல்லது. ஒரு சின்ன காரில் இருக்கும் அரை கிலோ வாயுவைக் காற்றில் விடுவது, 700 கிலோ கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிற பெட்ரோல் கார் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் அவ்வளவு புகை கக்கும். வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில் செய்தால் இந்தப் பாவம் இல்லை. சாலையோரப் பட்டறைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம்.

எஞ்சின் வடிவமைப்பும் குறுக்கே நிற்கும். பழைய மாருதியில் ஏசிக்குத் தனி பெல்ட் என்பதால் கழற்றுவது சுலபம். புதிய கார்கள் பலவற்றில் ஒரே நீண்ட பெல்ட் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்ப்பையும் கம்ப்ரஸரையும் சேர்த்துச் சுற்றுகிறது. கம்ப்ரஸரை எடுத்தால் பெல்ட் தொங்கும், அதற்கு வேறு அளவு தேட வேண்டும். தவிர, இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்யூட்டரே சில நொடிகள் கம்ப்ரஸரை விடுவித்துவிடுகிறது. திம்பம் டிரைவரின் இடது கை செய்த வேலையை அது செய்துவிடுகிறது.

கழற்றுவதில் அர்த்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. செத்துப்போன ஏசி ஒன்று உண்டு. சி.எஃப்.சி. கிடைக்காமல் போனதும் பழைய கார்களின் ஏசியைப் புதிய வாயுவுக்கு மாற்ற ஆயிலையும் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. காரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பலர் அதைத் தவிர்த்தார்கள். அந்தக் கார்களில் ஏசி வெறும் இரும்பு. போதாக்குறைக்கு ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றை மறைக்கும் கண்டன்ஸர் வேறு. அதை எடுத்துக் காயலான் கடையில் போட்டால் மலை ஏறும்போது எஞ்சின் கொஞ்சம் குறைவாகக் கொதிக்கும். கப்பியின் பேரிங் தேய்ந்து கத்துகிற வண்டிக்கும் இதே வைத்தியம் பொருந்தும்.

ஏசி வேலை செய்கிற காருக்கு திம்பம் பாதையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடியை இறக்கினால் காற்றுத் தடை ஒன்றும் கூடாது. மேலே ஏற ஏற வெளிக்காற்றும் குளிர்கிறது. ஆசனூரைத் தாண்டி, 1997-ல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான சாமராஜநகரின் சமவெளியில் 80, 90 கிலோமீட்டர் வேகம் பிடித்த பிறகு கண்ணாடியைத் திறந்து ஓட்டினால் காற்றே பிரேக் போடும். அங்கே ஏசியைப் போட்டுக்கொள்வது நஷ்டமில்லை. திரும்பி வரும்போது, திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு இறங்குகையில் ஏசி ஓடினால் இன்னும் ஆதாயம். கியரில் இறங்கும் வண்டியின் எஞ்சின் பிரேக்குக்குக் கம்ப்ரஸரின் சுமை கொஞ்சம் கைகொடுக்கிறது. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் கார் என்றால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் நின்றுவிடும். குளிர்ச்சி இலவசம்.

இந்த மலையில் வண்டி நிற்பது ஒரு குடும்பத்தின் பிரச்னை மட்டும் அல்ல. சாலை குறுகல். ஒரு வளைவில் ஒரு லாரி படுத்துவிட்டால் இரு மாநிலப் போக்குவரத்தும் மணிக்கணக்கில் உறைந்து போகிறது. சுற்றிலும் 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். கரும்பு லாரிகளை மறித்து ருசி பார்க்கும் யானைகள் இங்கே பிரசித்தம். வனவிலங்குகள் அடிபடுவதால் இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்த 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இதே பாதைக்குத்தான்.

அந்த லாரிகளின் கேபினுக்குள் இருப்பவர்களுக்கு அணைப்பதற்கோ கழற்றுவதற்கோ ஏசியே இருந்ததில்லை. எஞ்சின் சூடு காலுக்கருகே, வெயில் கண்ணாடியில், ஒவ்வொரு வளைவிலும் கை வலிக்கும் ஸ்டியரிங். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. அந்த எஞ்சின்களுக்கு மூன்று, நான்கு குதிரை சக்தி பெரிய பொருட்டல்ல. பண்ணாரியில் முதல் கியருக்கு மாறும்போது அந்த டிரைவர்கள் சுவிட்சைத் தேட வேண்டியதில்லை.